எழுபத்திரண்டு துடிப்பு

மனுஷ இதயம் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கலாம் என்று செங்கல்பட்டில் உத்தரவு போட்ட வருஷம் 1976. எழுபத்திரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த உத்தரவின் நகல் என் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம், காப்பித் தண்ணி நான் தருகிறேன்.

என் பெயர் தேவசகாயம். டிரில் மாஸ்டர். முட்டுக்காட்டு உப்பங்கழிக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலை. எங்கப்பா மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மாசம் பிறந்தால் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியதில் எங்கள் வம்சத்துக்கே நான்தான் முதல் ஆள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு என்னிடம் இருக்கிற ஒரே சாக்கு இதுதான்.

அந்த வருஷம் ஆனி மாசம் மாவட்டத்து டிரில் மாஸ்டர்கள் அத்தனை பேரையும் செங்கல்பட்டுக்கு வரச் சொன்னார்கள். 'இளைஞர் இதய வலு இயக்கம்' என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். அதற்குச் சிறப்பு அலுவலர் கேசவன். அவருடைய ஆபீசுக்கும் கூட்டம் நடந்த மண்டபத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ரோடுதான். அந்த ரோட்டை அவர் ஜீப்பில் கடந்து வந்து இறங்கினார். மாலை போட்டோம். நடப்பதன் அவசியம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

"நம் வாலிபர்கள் டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்கிறார்கள். ஆறு மணி நேரம் அசைவதே இல்லை. இதயம் துருப்பிடிக்கிறது. பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இதை நான் கவனித்து வருகிறேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எவனை எப்போது வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று தெரியாத எமர்ஜென்சி வருஷம் அது. நான் கூடுதலாக இரண்டு தட்டு கைதட்டினேன்.

பிறகு ஒரு கம்பவுண்டர் வந்து நாடி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பையனுக்கு ஒரு அட்டை, ரோஸ் கலரில். ஓட்டத்துக்கு முன் நாடி, ஓட்டத்துக்குப் பின் நாடி, மாதத்தில் பார்த்த சினிமா, உடற்பயிற்சிக்கு வந்த நாள், டிரில் மாஸ்டர் கையெழுத்து என்று ஐந்து கட்டம். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு வாத்தியார் எழுந்து, மழை வந்து பாதியில் நின்றுபோன படத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று கேட்டார். நல்ல கேள்வி என்று பாராட்டினார்கள். பதினைந்து நாளில் அதற்குத் தனியாக ஒரு சுற்றறிக்கையே வந்தது. இடைவேளைக்கு முன்னால் நின்றால் அரை, பின்னால் நின்றால் முழுசு.

எனக்கும் அப்போது கொஞ்சம் உற்சாகம்தான், பொய் சொல்லக் கூடாது. இருபது வருஷமாக டிரில் மாஸ்டர் என்றால் மணி அடிக்கிற ஆள், பிரம்பு வைத்திருக்கிற ஆள். முதல் தடவையாக ஒரு டாக்டர் மாதிரி பிள்ளைகளின் கையைப் பிடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மச்சினனிடம் கைக்கடிகாரம் இரவல் வாங்கி, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நாலு நாள் எண்ணினேன். ஒருத்தனுக்கு எழுபது, ஒருத்தனுக்கு எண்பத்தாறு, ஓடி வந்து நின்றவனுக்கு நூறு. எண்ணியதை எண்ணியபடியே எழுதினேன்.

மூன்றாம் நாள் கியாசுதீன் வந்தான். ஒன்பதாவது படித்தான், வயசு பதினைந்து. அவன் அத்தா ஜெயினுலாபுதீன் கருவாட்டு வியாபாரம், வாரம் பூராவும் சந்தை சந்தையாக அலைகிற மனுஷன். பையன் கையில் விரல் வைத்தால் அடியில் ஏதோ தட்டுக்கெட்டு ஓடியது. நாலு அடிக்கும், ஒன்றை விழுங்கும், பிறகு இரண்டைச் சேர்த்து அடிக்கும். மூன்று தடவை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. ஓடி வந்தாயா என்று கேட்டேன். இல்லை சார், வகுப்பிலிருந்து நடந்துதான் வந்தேன் என்றான். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினான்.

அன்று சாயங்காலமே அவன் அம்மா ராபியா, பையன் பின்னாலேயே நடந்து பள்ளிக்கு வந்தாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். பத்து வயசில் அவனுக்கு மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போகும்போது நெஞ்சைக் கெடுத்துவிட்டுப் போயிற்று என்று மதராஸ் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது அந்தச் சீட்டு.

"ஓட வுடாதீங்க சார். நடந்தாலே அவனுக்கு மேமூச்சு வாங்குது. எனுக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான்" என்றாள்.

நான் இருக்கேன்மா, போ என்றேன். அப்படித்தான் சொன்னேன். வாத்தியாருக்கு அந்த வார்த்தை சுலபமாக வந்துவிடும்.

அட்டைகளைக் கட்டி அனுப்பினேன். பத்தாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு மை: 'எண் தவறு. திருத்தி அனுப்பவும்.' தலைமை ஆசிரியர் தனகோடிக்கு அன்று நல்ல நாள் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு எண்ணைக்கூட ஒழுங்காக எண்ணத் தெரியாத ஆளா நீ என்று கேட்டார். பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனேன்.

இயக்கத்து ஆபீசில் கிளார்க் சீனு. நல்ல பையன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துத்தான் விளக்கினான். மேலே அனுப்புகிற படிவத்தில் மாவட்டத்துக்கு ஒரே ஒரு எண்தான் எழுத இடமிருக்கிறது. எழுபது, எண்பத்தாறு என்று கண்டபடி வந்தால் அந்த இடத்தில் எதைப் போடுவது? ஆரோக்கியமான மனுஷனுக்கு எழுபத்திரண்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் இயக்கத்தின் நோக்கமே ஆரோக்கியம்தானே. எழுபத்திரண்டு என்றே உத்தரவு போட்டாகிவிட்டது என்று அதன் நகல் ஒன்றையும் கையில் கொடுத்தான்.

ஒருத்தனுக்கு நெஜமாவே நூத்திப் பதினெட்டு கீதுப்பா, இன்னா பண்றது என்று கேட்டேன்.

அதற்கும் வழி இருந்தது. எழுபத்திரண்டு இல்லாத பையனை ஆறாம் நம்பர் படிவத்தில் எழுதி, இயக்கத்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். டாக்டர் எங்கே என்றேன். அந்தப் போஸ்ட் காலி. ஆறாம் நம்பர் படிவம்? அதை டாக்டர் வந்துதான் அச்சடிக்க வேண்டும். ராபியாவின் சீட்டைக் காட்டினேன். சீனு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது மதராஸ் சீட்டு சார், நம்ம மாவட்டத்து இதயத்துக்கு மதராஸ்காரன் எழுதினா செல்லாது என்றான். கேலி பண்ணுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, வருத்தமாகத்தான் சொன்னான். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பாதி பிளேடை எடுத்துக் கையில் கொடுத்தான்.

ஆபீஸ் மையை ரப்பரால் அழிக்க முடியாது. பிளேடைப் படுக்கவைத்து மெல்லச் சுரண்ட வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே எழுத வேண்டும். பதமாகச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டையையும் இரண்டு நாளில் சுரண்டினேன். கியாசுதீன் அட்டை வந்தபோது கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். ஒரு அட்டை மட்டும் நூற்றுப் பதினெட்டு என்று போனால் மறுபடி கட்டு முழுக்கத் திரும்பும். மெமோ வரும். அதனால் என்ன, அவனை ஓட விடாமல் பார்த்துக்கொள்ளப் போகிறவன் நான்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுரண்டினேன்.

அடுத்த மாசம் எங்கள் பள்ளிக்கு டெலிவிஷன் பெட்டி வந்தது. மதராசில் டி.வி. வந்தே அப்போது ஒரு வருஷம்தான். எங்கள் பக்கத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கேசவன் ஜீப்பில் வந்து அதைத் திறந்துவைத்தார்.

"திரையைப் பார்த்துப் பார்த்துக் கெட்டது உங்கள் இதயம். ஆகவே திரையைக் காட்டியே அதைச் சரிசெய்யப் போகிறோம். வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி நிகழ்ச்சி வரும். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்றார்.

படம் தெரிய வேண்டுமானால் ஆன்டெனா கம்பம் உயரமாக இருக்க வேண்டும். கடற்கரைக் காற்றுக்குக் கம்பம் நிற்க வேண்டுமானால் நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். நாலு கம்பியும் எங்கள் விளையாட்டு மைதானத்துக்குக் குறுக்கே போயின. ஒரு பையன் ஓடி வந்து கம்பியில் இடித்தால் அங்கே பெட்டியில் உடற்பயிற்சி செய்கிறவர் கோடு கோடாகிப் போவார். ஆகவே மைதானத்தில் ஓடுவது, குதிப்பது, சடுகுடு ஆடுவது அத்தனையையும் தனகோடி தடை செய்தார். நான் இருபது வருஷம் கல் பொறுக்கிச் சமன் பண்ணிய மைதானம் அது. ஆத்திரம் வராமல் இருக்குமா? வந்தது. யாரிடம் போய்க் காட்டுவது?

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சாயங்காலம் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் ஒருவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்தார்கள். பார்த்தவனுக்கெல்லாம் 'உடற்பயிற்சி செய்தான்' என்று ஒரு நாள் வருகை. மற்ற பையன்கள் மூன்றாம் வாரமே சலித்துப்போய்ச் சுவர் ஏறிக் குதித்துக் கடலுக்கு ஓடினார்கள். ஓடியவனுக்கெல்லாம் 'உடற்பயிற்சிக்கு வரவில்லை' என்று எழுதினேன்.

கியாசுதீனுக்கு அந்தக் காலம் திருவிழாதான். காய்ச்சல் வந்ததிலிருந்து எந்த ஆட்டத்திலும் சேராமல் ஓரமாக உட்கார்ந்தவன் அவன். இப்போது எல்லோரும் உட்கார்ந்தார்கள், அவன் நடுவில் உட்கார்ந்தான். பெட்டியில் வருகிற ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, அவர் இன்றைக்கு நாஸ்தா பண்ணாம வந்துட்டார் போல, குனிய மாட்டேன்றார் பாருங்க என்று மெல்லச் சொல்லுவான். பக்கத்தில் இருக்கிறவனெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். நானும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறேன். ஒரு நாள்கூட அவன் தவறவில்லை. நாற்பத்தொரு நாளுக்கு நாற்பத்தொரு நாள்.

அதுதான் வினையாகப் போயிற்று.

தை மாசம் மாமல்லபுரத்தில் இயக்கத்தின் பெரிய விழா. சிறந்த மாணவன் ஒருவன் கையில் ஜோதி ஏந்திக் கடற்கரை வரைக்கும் ஓடி வந்து மேடையில் விளக்கேற்ற வேண்டும். மாவட்டம் முழுக்க அட்டைகளைச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். துடிப்பு எழுபத்திரண்டு, உடற்பயிற்சிக்கு நூற்றுக்கு நூறு வருகை, பார்த்த சினிமா பூஜ்யம். அப்படி ஒரே ஒரு அட்டைதான் தேறியது. மூச்சு வாங்குகிறவன் மணலில் நடந்து டெண்ட் கொட்டகைக்கு எப்படிப் போவான்? 'ஆரோக்கிய இதயம்: ஜெ. கியாசுதீன், ஒன்பதாம் வகுப்பு' என்று உத்தரவு வந்தது.

தனகோடி பள்ளி முழுவதற்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். நான் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

சீனுவுக்கு என்னைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பெயரை எடுக்கணும்னா துடிப்பு எழுபத்திரண்டு இல்லைன்னு நீங்க எழுதித் தரணும் சார், அட்டையில எழுபத்திரண்டுன்னு உங்க கையெழுத்து கீது, பொய் எழுதினதா ஆயிடும், வேலை போயிடும் என்றான். விலக்குக் கேட்டு மனு போடலாம். ஆனால் ஓடி, முடியாமல் விழுந்தவன்தான் அந்த மனு போட முடியும். முதலில் ஓட வேண்டும்.

கேசவன் அறைக்கு நேராகப் போய்விட்டேன். பையனுக்கு நெஞ்சு சரியில்லை என்று சொல்லி மதராஸ் சீட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அட்டையை வரவழைத்துப் பார்த்தார்.

"தேவசகாயம், நான் டாக்டர் இல்லை. நீங்களும் இல்லை. அதனால்தான் அட்டை என்று ஒன்று வைத்திருக்கிறோம். பையன் சொல்வான், தாயார் அழுவார், டாக்டருக்கு டாக்டர் மாற்றிச் சொல்வார். அட்டை மட்டும் சொன்னதையே சொல்லும். நான் இந்த இயக்கத்துக்கு வந்த பிறகு மாவட்டத்தில் ஒரு கெட்ட இதயம்கூடக் கிடையாது. விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நீங்கள் ஒன்றைக் கொண்டுவருகிறீர்கள். எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சுரண்டினேன் ஐயா, நூற்றுப் பதினெட்டு, நான்தான் சுரண்டினேன் என்று. நாலு வார்த்தை. சம்பள நாள் ஞாபகம் வந்தது, எங்கப்பா முதுகு ஞாபகம் வந்தது. சரி ஐயா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழி ஒன்று யோசித்துவைத்தேன். பையனைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய், மேடைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவது. கடைசி முப்பது கஜம் மட்டும் அவன் நடந்து வந்தால் போதும். ராபியாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் நம்பினாள். கியாசுதீன் சந்தோஷமாக இருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை நிஜார், புது கான்வாஸ் ஷூ. வாழ்நாளில் அவன் போட்ட முதல் கான்வாஸ் ஷூ அது.

விழாவன்று முதல் தடவை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சவுக்குத் தோப்பு மறைவில் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டேன். ஜோதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய் மேடையில் கொடுத்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

போட்டோகிராபர் வந்து, ஜோதிப் புகை முகத்தை மறைத்துவிட்டது, இன்னொரு தடவை என்றார்.

இரண்டாம் தடவை ஓட வேண்டும், நடந்தால் போட்டோவில் ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் கேசவனிடம் ஓடினேன். ஐயா வேண்டாம் ஐயா என்றேன். அவர் மைக்குக்கு முன்னால் இருந்தார். சிரித்தபடியே கையால் என்னை ஒதுக்கிவிட்டார். கியாசுதீன் ஓடினான். மணலில் ஓடினான். போட்டோவும் விழுந்தது. ஆனால் அதில் கேசவன் விழவில்லை. அவர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"பரவால்ல சார், இன்னும் ஒரு வாட்டிதானே" என்றான் பையன். என் கையைப் பிடித்திருந்தான். அவன் மணிக்கட்டு என் விரலுக்கு அடியில் இருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

மூன்றாம் தடவை பாதி வழியில் முட்டி மடங்கி உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். ஜோதி மணலில் விழுந்து கொஞ்ச நேரம் எரிந்தது.

ஜீப்பைக் கேட்டேன். ஐயா பேச்சு முடியும்வரை ஜீப் நகரக் கூடாது என்று உத்தரவு இருப்பதாக டிரைவர் சொன்னார். வாலிபர்களின் இதயம் பற்றி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். மீன் கூடை ஏற்றி வந்த ஒரு வேன் நின்றது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவன் போய்விட்டான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவனை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் அட்டை திரும்பி வந்தது. 'ஓட்டத்துக்குப் பின் நாடி என்ற கட்டம் காலியாக உள்ளது. பூர்த்தி செய்து அனுப்பவும்.' பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் எழுதினேன். வேலை போகவில்லை. அட்டைதான் மறுபடி வந்தது. சிவப்பு மையில் அதே வரி: 'எண் தவறு. திருத்தி அனுப்பவும்.' கூடவே அதே மாதிரி ஒரு பாதி பிளேடும் ஒரு கவரில் வந்தது. சீனு நல்ல பையன் என்று முன்னமே சொன்னேன்.

பிளேடை எடுத்தேன். எடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லவே எனக்கு யோக்கியதை இல்லை.

மாசிக் கடைசியில் அட்டை நிரந்தரமாக வந்து சேர்ந்தது, மேலே 'ஆரோக்கிய இதயம்' என்று தங்கக் கலரில் முத்திரை குத்தி. பெற்றோரிடம் நேரில் கொடுத்துக் கையொப்பம் பெறவும் என்று குறிப்பு. தனகோடி என்னைத்தான் அனுப்பினார்.

ஜெயினுலாபுதீன் சந்தைக்குப் போயிருந்தார். ராபியா வாசலில் உட்கார்ந்து கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள்.

"இன்னா சார் எழுதிகீது?"

படித்துக் காட்டினேன். பெயர், வகுப்பு, நாற்பத்தொரு நாள் வருகை. நாடி, முன் எழுபத்திரண்டு, பின் எழுபத்திரண்டு. முழுசாகப் படித்தேன். அவள் கேட்டுக்கொண்டே கட்டை விரலால் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். கருவாட்டில் எது மெலிசு, எது கனம் என்று பார்க்காமலே சொல்லுகிற விரல். ஒரு இடத்தில் அது நின்றது.

"இங்க சொரண்டிகீதே. முன்னாடி இன்னா இருந்துச்சு?"

"நூத்திப் பதினெட்டும்மா."

"யாரு எண்ணது?"

"நாந்தான்."

"சொரண்டனது?"

"நாந்தான்."

விரல் நகர்ந்து இரண்டாவது இடத்துக்கும் போயிற்று. அங்கே காகிதம் இன்னும் மெலிசாக இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அட்டையை என் சட்டைப் பையில் அவளே செருகினாள்.

"நா வந்து சொல்றதுக்கு முன்னாடியே உனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "இத்த நீயே வச்சிக்க."

கையொப்பத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதில் நானே ஒரு கைநாட்டு வைத்து அனுப்பியிருக்கலாம், கட்டம் பூர்த்தியாகியிருக்கும், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வைக்கவில்லை. அட்டையை அனுப்பவும் இல்லை. உத்தரவின் நகலோடு அதுவும் என் பெட்டியில்தான் இருக்கிறது.